முயல் தூங்காத கதை

"முயல் தூங்கவில்லை" என்று ஏழாவது அட்டையைப் படித்துவிட்டு அவள் அப்பாவின் இடது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியின் மேல்தான் இருந்தது. தட்டவில்லை.

"தப்பாப் படிச்சிருக்கேன் அப்பா. தட்டுங்க."

அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த அட்டையை எடுத்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்த வாத்தியார் அவர். ஆறு வாரத்துக்கு முன்னால் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிச்சம் இருந்தது இடது கையும் காதும்தான். "மனப்பாடமா இருக்கிற ஏதாவது ஒண்ணை அவருக்கு தினம் படிச்சுக் காட்டுங்க" என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். அண்ணன் பரணிலிருந்து கதை அட்டைகளை இறக்கினான். சிங்கமும் சுண்டெலியும், காகமும் நரியும், முயலும் ஆமையும். ஒரு கதைக்குப் பன்னிரண்டு அட்டை, அட்டைக்கு ஒரு வரி, எல்லாம் அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. படமும் அவரே போட்டதுதான். முயல், காதைப் பிடித்து இழுத்துவிட்ட பூனை மாதிரி இருக்கும்.

"நான் படிக்கிறேன்" என்று அவள் முந்திக்கொண்டபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு தினம் மத்தியானம் வந்து உட்கார்ந்தாள். பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். அவள் வந்ததோ பழி தீர்க்க.

ஒன்றாம் வகுப்பில் அவளும் அவரிடம்தான் படித்தாள். ஜன்னலோரம் முயல் பெஞ்ச், தட்டுத்தடுமாறாமல் அட்டை படிக்கிறவர்களுக்கு. சுவரோரம் ஆமை பெஞ்ச், மற்றவர்களுக்கு. கதை முடிந்ததும் "கடைசியில ஜெயிச்சது யாரு?" என்று கேட்பார். ஆமை, ஆமை என்று சுவரோரம்தான் தொண்டை கிழியக் கத்தும். அந்த வருஷம் முழுக்க அங்கிருந்து ஒரு பிள்ளைகூட ஜன்னலோரம் போகவில்லை. தப்பாகப் படித்தால் மேஜையில் சாக்பீஸால் ஒரு தட்டு. சரியாக வரும்வரை நிற்க வேண்டும். ஒருநாள் ஏழாவது அட்டையில் மாட்டிக்கொண்டு மணி அடிக்கும் வரை அவள் நின்றாள். உடுப்பு நனைந்து தரையில் வழிந்ததை இரண்டு பெஞ்சும் பார்த்தன. வீட்டுக்கு வந்த பிறகாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். "வாத்தியார் பொண்ணுன்னு சலுகை காட்டினேன்னு எவனும் சொல்லிடக் கூடாது" என்று அம்மாவிடம் அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டிலும் அவளுக்கு ஆமை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இன்றைக்கு எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள் அவள். மற்ற கடைக்காரர்கள்கூட சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் ஓடி வருவார்கள். அப்பா அதை ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

படிக்க உட்கார்ந்த முதல் நாள் சும்மா ஒரு வார்த்தையை மாற்றிப் பார்த்தாள். கம்பியில் டொக் என்று விழுந்தது. பேச்சு போன மனிதருக்குப் பழக்கம் போகவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மறுநாள் ஐந்து தப்பு, அதற்கு மறுநாள் பத்து. ஆமை குதித்து ஓடியது, டொக். ஆமை பறந்து போனது, டொக் டொக். நேற்று ஏழாவது அட்டையில் கைவைத்தாள். "முயல் படுத்துத் தூங்கியது" என்றிருந்ததை "முயல் தூங்கவில்லை" என்று படித்தாள். அவர் தட்டினார். மறுபடியும் அதையே படித்தாள். மறுபடியும் தட்டினார்.

"ஏன் தூங்கணும்? உங்க கிளாஸ்ல எந்த முயல் தூங்குச்சு? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

விரல் ஓய்ந்து விழும்வரை அவள் விடவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணோரத்தில் ஈரம். பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. சமையலறைக்குப் போய் டீ போட்டு ரசித்துக் குடித்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் தோற்க வேண்டும், தோற்றது தெரிந்து தோற்க வேண்டும்.

அதனால் இன்றைக்கு மிச்சக் கதையையும் தன் இஷ்டத்துக்கே முடித்தாள். "முயல் முதலில் போய்ச் சேர்ந்தது. ஆமை வந்தபோது எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்." ஒரு தட்டு இல்லை. கல்லுளிமங்கன் என்று முணுமுணுத்தபடி அட்டைகளை அடுக்கிவிட்டு எழுந்தவள், அப்போதுதான் அவர் இமைக்கவில்லை என்பதைக் கவனித்தாள். கையைத் தொட்டாள். சூடு இருந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். எந்த அட்டையில் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஓடி வந்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதான். பிறகு கேட்டான், "என்ன படிச்சுக்கிட்டிருந்தே?"

"முயலும் ஆமையும்."

"அவருக்கு உயிரான கதை. அதைக் கேட்டுக்கிட்டே போயிருக்கார். உன் குரல்ல."

அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை முன்னறையில் இடமில்லை, பழைய மாணவர்கள் தெருவரை நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மகள் கதை படிக்கப் படிக்க உயிர் போயிருக்கிறது, யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு சாவு. ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகிற போக்கிலும் ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசி நாற்காலியில் அவளோடு படித்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தான். ஆமை பெஞ்சில் அவளுக்குப் பக்கத்து இடம் அவனுடையது.

"நீகூட வருவேன்னு நினைக்கலை" என்றாள்.

"போயிட்டார்தானான்னு ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "நிஜமாவே கதை படிச்சுக் காட்டினியா?"

"முயல் தூங்கவேயில்லைன்னு படிச்சேன்."

அவன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். "தட்டினாரா?"

"முந்தாநாள் தட்டினார். நேத்து தட்டலை."

"அப்போ ஒத்துக்கிட்டார்னு வெச்சுக்கோ."

"செத்துட்டார்னும் வெச்சுக்கலாம்."

அவன் டீ டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

உடலை எடுப்பதற்குச் சற்று முன்னால் இரண்டாம் வகுப்பு டீச்சர் அட்டைகளோடு வந்தார். அப்பாவோடு கடைசிவரை வேலை பார்த்தவர். "நேத்து படிச்சதை எங்க எல்லாருக்கும் ஒருதரம் படிம்மா. அவர் பிள்ளைங்க அத்தனை பேரும் இருக்காங்க." அண்ணன் தலையசைத்தான். கூட்டம் அடங்கியது.

அவள் தலைமாட்டில் நின்றாள். ஆறு அட்டைகளை எழுதியிருந்தபடியே படித்தாள். நரைத்த தலைகள் பல, உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தன.

"முயல் தூங்கவில்லை."

உதடுகள் நின்றன. யாரோ செருமினார். அவள் வெள்ளைத் துணிக்கு வெளியே கிடந்த இடது கையைப் பார்த்தாள்.

"முயல் தூங்கவில்லை."

"பாவம், துக்கத்துல அவளுக்குப் படிக்கக்கூட வரலை" என்று டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. முயல் பெஞ்ச்காரனான அண்ணன் எழுந்து வந்தான். "குடும்மா, நான் படிக்கிறேன்" என்று அட்டையின் ஒரு முனையைப் பிடித்தான்.

அவள் மறுமுனையை விடவில்லை. எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, மூன்றாவது முறையும் அதையே படித்தாள். படித்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.