இருபது டிகிரியில் இரண்டரை மணி நேரம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மத்திகிரி மாட்டுப்பண்ணையில் கட்டியிருக்கும் அத்தனை காளைகளின் மேலும் ஆணையிட்டுச் சொல்லப்படுகிறது. காளைகளுக்கு இதில் ஒரு ஆதாயமும் கிடையாது என்பதால் அவற்றைவிட நல்ல சாட்சி அமையாது.

ஓசூர் சிப்காட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்கிற ஆலை ஒன்றில் எட்சன் தரம் பார்க்கிற வேலையில் இருந்தான். மற்றவர்கள் கருவி வைத்து அளப்பதை அவன் கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவான். ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்து அதில் ஒரு பங்கு கூடினாலும் சாமான் சிவப்புத் தொட்டிக்குப் போகும். ஆயிரம் போல்ட் வந்தால் ஐந்தை எடுத்துப் பார்ப்பான். ஐந்தில் ஒன்று சரியில்லை என்றால் ஆயிரமும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒருமுறை சென்னையிலிருந்து போல்ட் ஏற்றி வந்த லாரி, அன்றைக்கு எட்சனுடைய ஷிஃப்ட் என்று கேட்டிலேயே கேள்விப்பட்டு, தார்ப்பாயை அவிழ்க்காமலே திரும்பிப் போனது. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் மோதிரத்தைக் கையில் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வட்டம் கொஞ்சம் சரியில்ல ஃபாதர்" என்றவன் அவன். மணப்பெண் டெல்பின் அப்போதே அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த ஆலையில் அளவை அறை என்று ஒன்று உண்டு. வெளியே வெயில் காய்ந்தாலும் பனி கொட்டினாலும் அதற்குள் இருபது டிகிரிதான். எந்தச் சாமானையும் சூட்டோடு அளக்கக் கூடாது, இருபது டிகிரியில் ஊறவைத்த பிறகே அளக்க வேண்டும் என்பது அங்கே விதி. பத்துக் கட்டளைகளுக்கு அடுத்ததாக எட்சன் வைத்திருந்த பதினோராவது கட்டளை அது.

கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லாமல், பாகலூர் ரோட்டில் இருந்த ஒரு கருத்தரிப்பு மையத்துக்கு இருவரும் போனார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதலில் எட்சனுடைய விந்துப் பரிசோதனை. அது சரியாக இருந்தால் அடுத்தது டெல்பினுக்கு, கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே பிடிக்கிற சோதனை.

"ஒங்களுது மொதல்ல வரட்டும். அது வராம இவங்கள நான் தொட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் மாதேஸ்வரி ஒரு குப்பியையும் அச்சடித்த காகிதம் ஒன்றையும் கொடுத்து, செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எட்சன் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தான். 'காலையில்', 'மூடி' என்ற இரண்டு சொற்கள்தாம் காதில் ஏறின. காகிதத்தைப் படிக்காமலே எட்டாக மடித்துப் பையில் வைத்தான். இங்கேயே கொடுக்க அறை இருக்கிறது என்றாள். அறைக்கு வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டான்.

வீட்டில் வேறு சிக்கல். வேப்பனப்பள்ளியிலிருந்து மாமியார் பவுலினா வந்து தங்கியிருந்தார். ஆறு மணிப் பூசைக்கு அவர் கிளம்பினால்தான் வீடு வீடாகும். மையம் திறப்பது ஒன்பதுக்கு. நடுவில் இருக்கிற நேரத்துக்குக் குப்பியை என்ன செய்வது என்ற கவலையோடு முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் எல்லப்பனின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனான். அவர் பால் கறந்துகொண்டிருந்தார்.

"எல்லப்பண்ணா, மாட்டுக்கு ஊசி போட வர்றாரே, அவரு கொண்டாற கேன்ல இன்னா இருக்குது?"

"அதா? காளையோடது. நைட்ரஜன்ல போட்டு வெச்சிருப்பாங்க. வெரல உட்டா வெரலு ஒடஞ்சி வந்துடும், அவ்ளோ ஜில்லு."

"எத்தன நாளு தாங்கும்?"

"நாளா? நம்ம செவல போன மாசம் கன்னு போட்டுச்சே, அதுக்கு அப்பன் செத்து ஆறு வருசம் ஆவுது. காளைக்குத் திவசம் குடுக்கற அன்னிக்கித்தான் இது பொறந்துது."

"அப்ப ஜில்லுனு வெச்சா ஒண்ணியும் ஆவாது?"

"ஜில்லுனு இருக்கற வரிக்கும் ராசா. சூடு ஏறுச்சா, போச்சி." எல்லப்பன் மடியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, மாடு கீடு புடிக்கப் போறியா?"

"சும்மாதாண்ணா கேட்டேன்."

"மாடுன்னா எங்கிட்ட கேளு. சும்மான்னா வூட்ல டெல்பின் பாப்பாகிட்ட பேசு."

மறுநாள் ஆறரைக்கே எட்சன் ஆலையில் இருந்தான். அளவை அறையின் சாவி அவனிடம்தான். கருங்கல் மேசையின் மேல், துடைத்து வைத்த அளவுக்கட்டைகளுக்கு நடுவே குப்பியை நிறுத்தி, 'சோதனையில் உள்ளது, தொடாதே' என்ற மஞ்சள் அட்டையைப் பக்கத்தில் சாய்த்துவைத்தான். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். குளிர் முதுகில் ஏறியது. அவன் ஐந்து போல்ட்டைப் பார்த்து ஆயிரத்தைத் திருப்பி அனுப்புகிறவன். மையத்தில் யாரோ ஒரு பெண் ஒரே ஒரு சொட்டைப் பார்த்து அவனையே திருப்பி அனுப்பிவிடுவாள். போல்ட் என்றால் உருக்கி மறுபடி வார்க்கலாம். இந்த எண்ணம் வந்தபோது ஏழு மணி. இரண்டு மணி நேரம் அது போகவில்லை.

ஒன்பது மணிக்குக் குப்பியை மையத்தில் கொடுத்தான். மத்தியானம் தாள் கைக்கு வந்தது. எண்ணிக்கை இருந்தது. அளவு இருந்தது. அசைவு என்ற வரியில் மட்டும் பூஜ்ஜியம்.

பாகலூர் ரோட்டில் வண்டியில் ஏறியது எட்சனுக்கு நினைவிருந்தது. இறங்கியது நாட்றாம்பாளையத்து மலைப்பாதையில். நடுவில் எழுபது சொச்சம் கிலோமீட்டரை யார் ஓட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. பாதையில் குறுக்கே நின்ற ஒற்றை யானை, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. அங்கேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பினான்.

டெல்பின் வாசலிலேயே நின்றாள். "இன்னா சொன்னாங்க?"

"நார்மல்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அதைச் சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

"அப்ப எங்கிட்டத்தான் இருக்குது" என்றாள்.

அன்றைக்கே மையத்துக்குப் போன் செய்து வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பவுலினா அன்றிலிருந்து மகளுக்காக ஒருசந்தி இருக்க ஆரம்பித்தார். ஒரே வேளைச் சாப்பாடு, மிச்ச நேரமெல்லாம் ஜெபமாலை. மாமியார் ஒவ்வொரு மணியாக உருட்டுகிற சத்தம் எட்சனுக்கு, ஆலையில் யாரோ உருளையை உருட்டிக் கோணல் இருக்கிறதா என்று பார்ப்பது போலக் கேட்டது.

வியாழக்கிழமை டாக்டரம்மா முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். மறுபடி எடு என்பார். மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லலாம். மழை பெய்து மாதம் இரண்டு ஆகியிருந்தது. தாளைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் வேலைக்குப் போனான். அந்த நாலு நாளும் ஒரு போல்ட்டைக்கூட அவனால் கழிக்க முடியவில்லை. சிவப்புத் தொட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான். கோணலாகப் போன போல்ட்டுகள் அவன் முகத்தைப் பார்த்தன. அவன் அவற்றுக்கெல்லாம் 'சரி' என்ற பச்சைச் சீட்டை ஒட்டி அனுப்பினான். அந்த வாரம் ஓசூரிலிருந்து புறப்பட்ட லாரிகள் அத்தனையும் இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனதாக சுங்கச்சாவடிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் டெல்பின் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"வலிக்குமாங்க?"

"கொஞ்ச நேரந்தான்னு சொன்னாங்க."

"அடப்பு இருந்தாத்தான் ரொம்ப வலிக்குமாம். போன்ல பாத்தேன். வலிச்சா எனக்கு அப்பவே தெரிஞ்சிடும் இல்ல?"

அவன் உள்பையைத் தொட்டான். தாள் வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. "ஒண்ணியும் இருக்காது" என்றான்.

வியாழக்கிழமை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சு. பச்சை அங்கியை மாட்டிவிட்டு மாதேஸ்வரி போய்விட்டாள். டெல்பின் கழற்றிய தாலிச்சங்கிலியை எட்சனின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவள் கை அளவை அறையைவிடக் குளிர்ந்திருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க" என்றாள். "உள்ள போயி அடப்புன்னு சொல்லிட்டாங்கன்னா, எங்கம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. என்னால முடியாது. அப்பறம், நீங்க வேற எதாச்சும் நெனச்சீங்கன்னா..."

அதற்குமேல் அவனால் கேட்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றித் தாளை உருவி அவள் மடியில் வைத்தான். அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"பூஜ்ஜியம்னா?"

"ஒண்ணு கூட நகரல."

தாளை மடிப்பிலேயே மடித்தாள். குரல் ஏறவில்லை.

"எங்கம்மா நாலு நாளா ஒருவேளக் கஞ்சி குடிச்சிகினு கெடக்குறாங்க. நீங்க எதுத்தாப்ல ஒக்காந்து தோசை தின்னீங்க."

"ஆமா."

"மூணு தோச."

"ஆமா டெல்பி."

"நான் ராவும் பகலும் எந்தப் பாவத்துக்குன்னு எண்ணிகினு இருந்தேன். நீங்க கேட்டுகினே படுத்திருந்தீங்க."

"நீ போயிடுவன்னு பயமா இருந்துச்சி."

"பச்ச அங்கியப் போட்டுகினு எங்க போறது" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அழுதாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "எண்ணிக்கை நல்லா இருக்குது, ஒண்ணுல கூட உயிரு இல்லையே. எப்டிக் கொண்டு வந்தீங்க இத?"

"ரொம்ப ஜாக்கிரதையாத்தான் மேடம். இருபது டிகிரி. ரெண்டர மணி நேரம். கருங்கல்லு மேல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

"சூட்டோட அளந்தா அளவு தப்பா வரும் மேடம். எங்க அறைக்கு வருசா வருசம் சர்டிபிகேட் வாங்குறோம். அதுமில்லாம, காளையோடது ஆறு வருசம் ஜில்லுலயே இருக்குதாம்."

"அது மருந்து கலந்து உறைய வெக்கறது. இது வெறும் குப்பி. ஒடம்போட சேத்து வெச்சி, அர மணில, மிஞ்சினா ஒரு மணில கொண்டாந்திருக்கணும். எழுதிக் குடுத்தாங்களே?"

எட்டாக மடித்த காகிதம் எந்தப் பேண்ட்டில் இருக்கிறது என்று எட்சன் யோசித்தான். டெல்பின் அவனைப் பார்க்கவில்லை. பீடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வையைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே மறுபடி குடுங்க" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு இன்னிக்கி உட்டா அடுத்த மாசந்தான் எக்ஸ்ரே. நாலு மணி வரிக்கும் பாக்கறேன். ஒங்களுது சரியா இருந்தா எடுத்துடலாம். இல்லன்னா இவங்களச் சும்மா வலிக்க வெக்க மாட்டேன்."

அந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு வாளி, போன வருடத்துக் காலண்டர். வெளியே பத்துப் பேர் இருமினார்கள். ஒவ்வொரு இருமலும் யாருடையது என்று எட்சனுக்குத் தெரிந்தது. எப்படி முடித்தான் என்பதைக் காளைகளிடம்தான் கேட்க வேண்டும். முடித்தான். குப்பியை இந்த முறை சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பதினைந்து அடி தூரத்தை மூன்றே எட்டில் கடந்து மாதேஸ்வரியின் கையில் கொடுத்தான்.

பிறகு பெஞ்சில் இரண்டு மணி நேரம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் டெல்பின் உட்கார்ந்திருந்தாள். இதுவும் பூஜ்ஜியம் என்றால் இந்த முறை கருங்கல்லைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றே முக்காலுக்கு மாதேஸ்வரி கையில் ஏழெட்டுத் தாள்களோடு வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். ஒன்றை உருவி எட்சனிடம் நீட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். அவன் கண் வேறெங்கும் போகவில்லை. அசைவு என்ற வரிக்கு நேராகப் போய் நின்றது.

"எவ்ளோ?" என்று எக்ஸ்ரே அறை வாசலிலிருந்தே கேட்டார் டாக்டரம்மா.

"அறுவத்திரண்டு சதவீதம் மேடம்."

"ரொம்ப நல்லது. அவங்கள உள்ள அனுப்புங்க."

எட்சனுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிரித்துக்கொண்டே திரும்பினான். டெல்பின் எழுந்து நின்று சுவரைப் பிடித்திருந்தாள். அவள் உதடு வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்த பிறகுதான், தன்னிடமிருந்து இறங்கியது எங்கே போய் ஏறியது என்று அவனுக்கு விளங்கியது.

"டெல்பி, வேணாம்னா வேணாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"ஒங்களுது சரியா இருக்குது இல்ல" என்றாள். "அப்பறம் யாரப் பாக்கறது."

நடுவிலிருந்த ஓர் ஆள் இடத்தைக் கடந்து வந்து, அவன் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ இரும்பு தட்டிய சத்தம். பிறகு அவள் குரல், ஒரே ஒரு முறை, 'அம்மா' என்று. எட்சன் தாளை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் தாளின் தலைப்பில் ஸ்ரீராம், வயது நாற்பத்தாறு என்று அச்சாகியிருந்தது.