கோணவாய்க்கால் மதகுத் திறப்பு விழா

நாட்டு மக்கள் அனைவரும் அறிந்து மகிழ வேண்டிய செய்தி: காவிரி கடைமடைக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் வரவில்லை. மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தம் பொற்கரத்தால் பொத்தானை அழுத்திக் கோணவாய்க்கால் தலைப்பு மதகைத் திறந்துவைக்கும் வரையில், தண்ணீர் வந்ததாகக் கருதப்படமாட்டாது.

இந்த நுட்பம் மருதையனுக்குப் பிடிபடவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் கரையில் நின்று பார்த்தபோது ஆறு கண்ணெதிரே செங்காவி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. மதகுக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவே, புதுப் பச்சை வர்ணம் பூசிய இரும்புக் கதவு.

திருத்துறைப்பூண்டித் தாலுகாவில் மருதையனுக்கு இருப்பது ஒரே ஒரு ஏக்கர். அவர் அப்பா கொடி பிடித்து, அடி வாங்கி, பதினெட்டு வருஷம் கோர்ட்டில் கிடந்து, உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் வாங்கிய பட்டா. மிராசுதார் விட்டுக்கொடுக்க மனசு வந்த ஏக்கர் வேறெங்கே இருக்கும்? வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்தது. அதில் எட்டு சென்ட்டில் சம்பா நாற்று விட்டிருந்தார். ஒரு மழையை நம்பி விட்டது. அந்த மழை அதோடு சரி.

அது முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம். கோணவாய்க்காலுக்கு ஆறு நாள்; திங்கள் காலையில் தொடங்கி சனி மாலை ஆறு மணி வரை. அதை விட்டால் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நாற்று அத்தனை நாள் தாங்காது.

"லஸ்கர் அண்ணே, ரெண்டு சுத்து சுத்தி விடுங்களேன்" என்றார் மருதையன்.

மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் பஞ்சநதம் காலி கைகளை விரித்துக் காட்டினார். "கைப்பிடியை ஏ.இ. ஜீப்புல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மந்திரி வந்தாத்தான் வரும்."

"பட்டன் அழுத்தினா தொறக்குமுன்னாங்களே?"

"மோட்டார் வச்சிருக்காங்க, கரண்டு குடுக்கலே. அவரு மேலே பட்டனை அழுத்தினா கீழே எனக்கு மணி அடிக்கும். நான் சுத்துவேன். பழைய ஷட்டருக்கு ஒரு டப்பா கிரீஸ் கேட்டு மூணு வருஷமா எழுதினேன் மருதையா. கிரீஸுக்கு நிதி இல்லேன்னாங்க."

நிதி இல்லாமல் போகவில்லை என்பதைச் சுற்றி நின்றவை சொல்லின. கிரீஸ் டப்பாவுக்குப் பதிலாக அரசு அறுபத்தெட்டு லட்சத்தில் புதுக் கதவும், பொத்தானுக்கென்று ஒரு மண்டபமும், வரவேற்பு வளைவும், ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பளிங்குக் கல்வெட்டும் கொடுத்திருந்தது. கல்வெட்டில் அமைச்சர் பெயருக்கு முன்னால் ஆறு பட்டங்கள். வாய்க்காலைத் தூர்வாருவது மட்டும் இரண்டாம் கட்டப் பணியாம்.

அன்று பதினொரு மணிக்கு விழா என்றிருந்தது; அமைச்சரைக் காணோம். பன்னிரண்டு மணிச் செய்தியில் காரணம் தெரிந்தது. மந்திரிசபையை மாற்றிவிட்டார்கள். பொற்கரத்துக்கு உரியவர் இப்போது அமைச்சராக இல்லை.

ஏ.இ. என்கிற உதவிப் பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. புது அமைச்சர் வேறு கோஷ்டி. பழையவர் பெயர் பொறித்த கல்லை அவர் எதிரே நிறுத்தினால் பொறியாளர் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போக வேண்டியதுதான். அன்று மாலையே கல்லைப் பெயர்த்தார்கள். புதுக் கல்லுக்குத் தஞ்சாவூரில் ஆர்டர் போயிற்று. அது வந்து சேரும் வரை மதகு மூடியே இருக்க வேண்டுமென்று வாய்மொழி உத்தரவு. இரண்டு போலீஸ்காரர்கள் பாதுகாப்புக்கு வந்தார்கள். பொத்தானுக்குத்தான்.

செவ்வாய், புதன், வியாழன். தண்ணீர் மதகில் முட்டிப் பார்த்துவிட்டு ஆற்றோடு கடலுக்குப் போயிற்று. கடலுக்கு யாரும் பொத்தான் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

மருதையன் பெண்சாதி அம்சவல்லி ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலில் ஊற்றினாள். ஒன்றரை மைல். ஊற்றிய இடத்தில் ஈரம் ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

"கடப்பாரையாலே நெம்பித் தள்ளாம வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்றாள்.

"அரசாங்கச் சொத்து. உள்ளே தள்ளிடுவான்."

"நாத்து யாரு சொத்தாம்?"

மருதையன் நுனி பழுத்திருந்த நாற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பந்தல் போட்ட கூத்தாநல்லூர் அஹமது கபீர் வந்து பக்கத்தில் குந்தினார். "அண்ணே, நாலு நாளா பந்தல் சும்மா நிக்கிது. வாடகை ஓடுது. நான் சந்தோசப்படணும். உங்க வயலைப் பாத்தா காசை வாங்கவே கூசுது."

"வாங்கிக்கிங்க பாய். இந்தத் தண்ணியாலே நீங்களாவது பொழைங்க."

வெள்ளிக்கிழமை புதுக் கல் வந்து சேர்ந்தது; பொறியாளர் மருதையனைத் தேடி வந்தார். "உம்ம அதிர்ஷ்டம்யா! கடைமடை விவசாயி ஒருத்தர் மேடையிலே அமைச்சருக்கு நாத்துமுடி குடுக்கணும். உம்ம பேரைப் போட்டிருக்கேன்."

"சார், முறை நாளையோட முடியுது. ரெண்டு நாள் கூட்டி விட்டீங்கன்னா..."

"அது என் கையிலே இல்லே. அமைச்சர்கிட்டேயே கேளும். மேடையிலே பக்கத்துலதானே நிக்கப் போறீரு!"

நியாயமாகத்தான் பட்டது. அம்சவல்லி பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய் மனு எழுதி வாங்கி வந்தாள். மருதையன் மேடையில் சொல்ல வேண்டியதை வரப்பில் நடந்தபடி சொல்லிப் பார்த்தார். சுருக்கமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விழா. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர் ஆதலால் புது அமைச்சர் ராகுகாலம் பார்ப்பதில்லை. பத்தரை மணிக்கு அது முடிந்த பிறகு அவர் தஞ்சாவூரிலிருந்து கிளம்பியது தற்செயல். வழியில் பதினான்கு இடத்தில் வரவேற்பு. மூன்றரை மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்டது.

மருதையனின் நாற்று பழுத்திருந்ததால் மேடைக்கு ஆகாது என்று பொறியாளர் தள்ளிவிட்டார். ஆழ்குழாய்க் கிணறும் போர்செட்டும் வைத்திருக்கும் சாரங்கபாணி வீட்டு நாற்றங்காலிலிருந்து பச்சைப் பசேலென்று ஒரு கட்டு நாற்றுமுடி வந்தது. அதை மருதையன் கையில் திணித்து மேடையேற்றினார்கள். கேமராக்காரர், "பெரியவரே, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

அமைச்சர் நாற்றை வாங்கி உயர்த்திப் பிடித்தார். கைதட்டல்.

"ஐயா" என்றார் மருதையன். "முறை இன்னிக்கு ஆறு மணியோட முடியுதுங்க. இந்த வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வரலீங்க. ரெண்டு நாள் கூட விடச் சொல்லுங்கய்யா. நாத்து செத்துடுங்க."

அமைச்சர் நன்றாகவே காது கொடுத்துக் கேட்டார். மருதையன் தோளில் கை போட்டார். "செஞ்சிடுவோம். மனுவாக் குடுங்க."

மனுவைக் கொடுத்தார். அமைச்சர் உதவியாளரிடம் தந்தார். உதவியாளர் பையில் போட்டார். பையில் ஏற்கெனவே நிறைய மனு இருந்தது. அமைச்சர் மைக்கைப் பிடித்து, முந்தைய அமைச்சர் பெயரை மறந்தும் சொல்லாமல், காவிரி தமிழன் வீட்டுப் பெண் என்பதை ஐம்பது நிமிஷம் விளக்கினார். பிறகு பொத்தானை அழுத்தினார். கீழே மணி அடித்தது. பஞ்சநதம் சுற்றினார். மணி நாலே முக்கால்.

தண்ணீர் பாய்ந்தது. மேலிருந்து பூத் தூவினார்கள். மருதையன் மேடையிலிருந்து குதித்து, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலோடு ஓடினார். தூர்வாராத வாய்க்கால். காட்டாமணக்கும் சேறும் அடைத்துக் கிடந்த இடத்திலெல்லாம் வெட்டிவிட்டுக்கொண்டே போனார். அம்சவல்லி கையாலேயே செடியைப் பிடுங்கிப் போட்டாள். வெடிப்புகள் தண்ணீரைக் குடித்த சத்தம் கேட்டது. குடித்துத் தீரட்டும் என்று ஒவ்வொரு வெடிப்புக்கும் அவர்கள் நிற்க வேண்டியிருந்தது.

மதகில், அமைச்சரின் கார்கள் போன புழுதி அடங்கியதும், பஞ்சநதம் பொறியாளரிடம் போனார்.

"சார், ராத்திரி மட்டும் ஓட விடலாமுங்களா? அந்த ஆளு இன்னும் வெட்டிக்கிட்டுப் போயிக்கிட்டிருக்காரு."

"முறையை மாத்த மேலேருந்து உத்தரவு வரணும்யா. அமைச்சர்தான் மனு வாங்கிட்டாருல்ல? ஃபைல் வரட்டும்."

ஆறு மணிக்குப் பஞ்சநதம் மதகை மூடினார். தண்ணீர் மருதையன் வயலுக்கு ஏழு வயல் முன்னால் நின்றுவிட்டது.