யோகலிங்கத்தின் கைகள்

உம்மு குல்சும் கிண்ணியாவிலிருந்து தோணியேறித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தது மகளுக்காக. மூன்று வயது லைலா, துறைமுகத்தில் வேலை செய்யும் தகப்பன் விளையாடக் கொடுத்த கடற்படைச் சட்டைப் பித்தளைப் பொத்தானை விழுங்கிவிட்டாள். அது மூச்சுக்குழலில் நிற்கிறதா, வயிற்றுக்குள் இறங்கிவிட்டதா என்று படம் பிடித்துப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர்.

எக்ஸ்ரே அறை யன்னல்களில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புக் கடதாசி பகலிலும் அப்படியே இருந்தது. படம் பிடிக்கும் யோகலிங்கம் பிள்ளையை வாங்கக் கைகளை நீட்டினார். குல்சும் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு லைலாவை மார்போடு இறுக்கிக்கொண்டாள். நகங்கள் வரிவரியாகப் பிளந்திருந்தன. தோல் மழை காணாத வயலாய் வெடித்திருந்தது. ஒரு விரலில் ஆறாத புண்.

“உங்கட கைக்கு என்ன அண்ணன்? ஏதும் தொத்து வருத்தமா?”

“ஒட்டாது தங்கச்சி. இந்த மிஷின்ர வெளிச்சம் செய்த வேலை.”

வெந்நீர் பட்டது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்குப் பொய் வரவில்லை.

“அல்லாஹ்! அந்த வெளிச்சத்தையா என்ட புள்ளையில அடிக்கப் போறீங்க? வேணாம்.”

அவள் வாசல்வரை போய்விட்டாள். லைலா இருமினாள். அந்த இருமலில் குல்சுமின் கால் நின்றது.

“ஒருக்காக் கேளுங்கோ,” என்றார் யோகலிங்கம். “உச்சி வெயிலில கடற்கரையைக் கடந்து போனா என்ன நடக்கும்?”

“கால் சுடும்.”

“நாள் முழுக்க, வருசக்கணக்கா அங்கேயே நிண்டா?”

வலை இழுக்கிறவர்களின் கறுத்து வெடித்த முதுகுகள் அவள் நினைவுக்கு வந்தன.

“பிள்ளைக்கு ஒரு கண் சிமிட்டல். நான் கொழும்பில வேலை தொடங்கின நாளிலயிருந்து இந்த வெளிச்சத்தில நிக்கிறன். காலையில மிஷின் சரியோ எண்டு பார்க்க என்ர கையைத்தான் முன்னால வைக்கிறனான். எலும்பு தெளிவாத் தெரிஞ்சா சரி. அப்பிடித்தான் பழக்கினவை. அழுற பிள்ளையளைப் பிடிக்கிறதும் நான்தான்.”

“புள்ளைக்கு ஒண்டுமே செய்யாதா?”

“ஒண்டுமே எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. ஆனா பொத்தான் மூச்சை அடைச்சா என்ன நடக்கும் எண்டு தெரியும்.”

குல்சும் மகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: “தாய்மார் புடிக்க மாட்டாங்களா?”

“இருட்டு, மிஷின்ர உறுமல். பயப்பிடுவினம் எண்டு நான் கேக்கிறதில்லை.”

“எனக்கு ஒருதரம்தானே? நானே புடிக்கிறன்.”

யோகலிங்கம் சுவரைப் பார்த்தார். காது சிவந்தது. “தங்கச்சி, இப்ப... மாங்காய் கீங்காய் தேடுதோ வாய்?”

அவள் விழித்தாள். விளங்கியதும் முக்காட்டுக்குள் சிரித்தாள். “இல்ல அண்ணன். இவள் ஒருத்தியே போதும்.”

“கோவிக்காதேங்கோ. கருவில பிள்ளை இருந்தா உங்களைப் பிடிக்க விடமாட்டன். அந்தப் பிள்ளைக்குத்தான் இந்த வெளிச்சம் கனக்கக் கெடுதல்.”

ஈயம் வைத்த மேலங்கியை அவளிடம் கொடுத்தார். “யா அல்லாஹ், நாலு புள்ள கனம்!” என்றபடி போட்டுக்கொண்டாள். மிஷின் உறுமியது. லைலா வீறிட்டாள். குல்சும் அவள் காதோடு, “கடலுக்க முழுகப் போறோம், மூச்சைப் புடி கிளி,” என்றாள். கன்னம் உப்பியது. அந்த நொடியில் படம் விழுந்தது.

ஈயத் தட்டிக்குப் பின்னால் யோகலிங்கத்துக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார்.

கழுவிய படத்தை ஈரம் சொட்டச் சொட்ட டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தபோது யோகலிங்கத்தின் முகமே பதில் சொல்லிவிட்டது. விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாய் ஒரு வட்டம்.

“வயித்துக்க இறங்கிட்டுது. வாழைப்பழம் குடுங்கோ. தானா வெளியில வந்திடுமாம்.”

“வரட்டும். பொத்தான் குடுத்த வாப்பாவே தேடி எடுக்கட்டும்,” என்று மகளை முத்தமிட்டாள் குல்சும். கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெளியே வாங்குப் பலகையில், வீறிடும் கைக்குழந்தையோடு சாம்பல்தீவுப் பெண்ணொருத்தி காத்திருந்தாள். யோகலிங்கம் பழக்கத்தில் கைகளை நீட்டினார்.

குல்சும் நடுவில் வந்து நின்றாள்.

“அக்கா, உள்ளுக்க கொஞ்சம் இருட்டுத்தான். நீங்களே புடிங்க. வேணுமெண்டா நான் வாசல்ல நிக்கிறன்.”