யாரும் போட்டியிடாத தலைவர்

1.
இந்தக் கதை என் தங்கை போனில் சொல்லி அழுதது. அழுது முடித்ததும், "இத எழுதித் தொலைச்சிடாத அண்ணா" என்றாள். அப்போதே முதல் வரி வந்துவிட்டது.

மக்களாட்சி என்பது யாதெனில்,

வேண்டாம். கட்டுரை வாசனை அடிக்கிறது.

அவள் கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்குப் பார்க்கிங் பற்றிக் குறை சொல்லப் போனார்; தலைவராகித் திரும்பினார். வேறு யாரும் நிற்கவில்லை. சொல்லப்போனால், வேறு யாரும் அவ்வளவாக வரவேயில்லை.

2.
கோடையில் இரண்டு மோட்டார்களில் ஒன்று எரிந்துபோனது. காலையும் மாலையும் மட்டும் தண்ணீர் திறக்க வேண்டும் என்று மாப்பிள்ளை உத்தரவு போட்டார். நாலாவது மாடியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இறங்கி வந்தார்.

(அவரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருப்பதைத் தங்கை சொன்னதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

"அம்மாவுக்கு எத்தன தடவ துணி மாத்துறோம் தெரியுமா சார்? இப்படி உத்தரவு போட உங்கள யாரு தேர்ந்தெடுத்தா?"

"கூட்டத்துக்கு வந்திருந்தா நீங்களே தேர்ந்தெடுத்திருக்கலாம்."

"வீடே உங்க பேர்ல இல்லையே! ஓனர் உங்க வீட்டம்மா. நீங்க சங்கத்துல உறுப்பினரே கிடையாது."

படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. அன்றே விலகிக்கொண்டார். தங்கை அழுதது அதற்குத்தான்.

3.
மறுதேர்தலுக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால், "யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டதும் எல்லாரும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தங்கை எழுந்தாள்.

"நான் நிக்கிறேன். வீடு என் பேர்லதான் இருக்கு. சந்தேகம்னா பத்திரத்தையே கொண்டு வர்றேன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன, அதிகாரியுடையதும்.

மறுநாள் அவள் போட்ட முதல் உத்தரவு: காலையும் மாலையும் மட்டும் தண்ணீர்.

இம்முறை யாரும் வாய் திறக்கவில்லை. கணவர் சொன்னபோது அடாவடியாகத் தெரிந்தது, மனைவி சொன்னபோது சட்டமாகிவிட்டது. நியாயம்தான், கை தூக்கிக் கொடுத்த அதிகாரம் வேறு, தலையில் வந்து விழுந்த அதிகாரம் வேறு. ஆனால் நாலாவது மாடிக் கட்டிலுக்கு அந்த வித்தியாசம்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை.)

4.
ஒரு முடிவு: புது மோட்டார் வந்தது, எல்லாரும் சமாதானம். "பொய்" என்றாள் தங்கை. இன்னும் வரவில்லையாம்.

இன்னொன்று: அதிகாரி அம்மாவோடு வீட்டைக் காலி செய்கிறார். "அவர வெளிய அனுப்ப நீ யாரு?" என்றாள்.

நடந்ததை மாப்பிள்ளையே பிறகு சொன்னார். ஒரு மத்தியானம், தன் வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரை இரண்டு வாளிகளில் நாலாவது மாடிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்.

கதவைத் திறந்த அதிகாரி, "தலைவரம்மா அனுப்பினாங்களா?" என்றார்.

"இல்ல சார். அவளுக்குத் தெரியாது."

"அப்ப என்ன முறையில கொண்டு வந்தீங்க?"

மாப்பிள்ளைக்குக் கை கடுத்தது, வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "யாருப்பா அது?"

அதிகாரி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அந்த வாசலில் ஒரு நிமிடம் நீங்கள் நின்று, அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.