கச்சானில் போட்ட கூரை

கப்பல்துறையில், கண்டி வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசியில் தர்சிகாவின் வீடு இருந்தது. தாய் வழியாக வந்த வீடு. அந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவளுடையது. தர்சிகாவுக்கு நடக்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டியபின் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு வருபவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். தாய் கண்ணை மூடிய பிறகு அவள் தனியே சமைத்து, தனியே பூட்டித் திறந்து, காலையில் பஸ் ஏறித் திருகோணமலையில் இருந்த கந்தோருக்குப் போய்வந்தாள். அவளுக்கு அதில் குறை இருக்கவில்லை. நகரத்தில் வங்கி வேலை பார்க்கும் அண்ணன் சுகிர்தனுக்குத்தான் இருந்தது. "பொம்பிளை தனிய இருக்கிற வீடு" என்று அவன் தொடங்கினால் அவள் தேத்தண்ணி போட எழும்பிவிடுவாள்.

போன மாரியில் அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. வீட்டின் பின்பக்கத்தில் படுக்கையறைக்கும் குசினிக்கும் மேலே ஒரே பக்கமாகச் சரிந்த பழைய ஓட்டுக் கூரை. குரங்குகள் அதில் ஓடிப் பாய்ந்து ஓடுகளைக் கிளப்பிவிட்டிருந்தன. மார்கழி அடைமழையில் மெத்தை, அலுமாரி, அரிசி வாளி எல்லாம் நனைந்தன. சுகிர்தன் நகரத்திலிருந்து வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தைப்பொங்கல் கழியும் வரைக்கும் முன்னறையில், பிள்ளைகள் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அண்ணி சிவாஜினி ஒரு குறையும் வைக்கவில்லை. கண் விழித்தால் தேத்தண்ணி கைக்கு வந்தது. குசினிக்குள் கால் வைத்தால், "நீங்க இருங்கோ மச்சாள்" என்று சொல்லி அகப்பையை வாங்கிக்கொண்டாள். தன் கையால் ஒரு கறி வைக்காமல் இருந்த அந்த நாட்களில், யாரோ வந்து கூப்பிடும்வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது தர்சிகாவுக்கு.

வீடு திரும்பும் நாளில் சுகிர்தன் வாக்குக் கேட்டான்.

"அடுத்த மாரிக்கும் கூரை ஒழுகினா நீ எங்களோட வந்து இருக்கோணும். வீட்டை வாடகைக்குக் குடுப்பம். காசு உனக்குத்தான்."

"ஓம்" என்றாள் தர்சிகா. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை என்பது அண்ணனுக்கும் தெரியும்.

கூரை வேலைக்கு ஆள் தேடினாள். இருந்தவர்கள் எல்லோரும் நிலாவெளிப் பக்கம் ஹொட்டல் கட்டும் வேலையில் நின்றார்கள். ஒருவர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், உச்சுக் கொட்டினார், திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். பல திங்கட்கிழமைகள் போயின. ஆடி பிறந்தபோது தர்சிகா கந்தோரில் பக்கத்து மேசையில் இருக்கும் பஸ்மியாவிடம் சொன்னாள்:

"நானே போடப்போறன்."

"என்னத்தப் போடப்போறாய்?"

"கூரை."

பஸ்மியா கிண்ணியாக்காரி. வாய்க்குள் இருந்த வடையை விழுங்கிவிட்டுத்தான் சிரித்தாள். "ஏணியில ரெண்டு படி ஏறினா ஒனக்குத் தல சுத்தும். போன வருசம் கந்தோர்ல தோரணம் கட்டக்குள்ள ஒன்னப் புடிச்சுக்கொண்டு நிண்டது நான்தான் புள்ள."

"அப்ப இந்த முறையும் வந்து பிடி."

அவள் வந்தாள். கிண்ணியாவில் தன் தம்பி றிகாஸின் கடையில் தகரமும் ஸ்குரூவும் எடுத்து, ட்ரில் மெஷினையும் இரவல் வாங்கி, எல்லாவற்றையும் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக் கிண்ணியாப் பாலத்தால் அனுப்பிவைத்து, பின்னால் தன் ஸ்கூட்டியில் வந்திறங்கினாள். சனி ஞாயிறுகளில் இருவரும் வேலை செய்தார்கள். ஓடுகளைக் கழற்றி மதிலோரம் அடுக்கினார்கள். ஓடுகளைத் தாங்கிய உளுத்த ரீப்பைச் சட்டங்களைப் பிடுங்கிப் புதிய ரீப்பைகள் அடித்தார்கள். தர்சிகாவுக்கு முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாளும் சுற்றியது. அதன்பிறகு அவள் கீழே பார்ப்பதை விட்டுவிட்டாள்.

தகரம் போடும் முறையை அவள் தொலைபேசியில் வீடியோ பார்த்துப் படித்திருந்தாள். பின்னால் போடும் தகரத்தின் விளிம்பு முதல் போட்ட தகரத்தின்மேல் ஏறி நிற்கும். அந்த விளிம்புக்குள் காற்று நுழையக் கூடாது. ஆகவே காற்று வரும் பக்கத்துக்கு எதிர்முனையில் தொடங்கி, காற்றை நோக்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தர்சிகா கூரையில் நின்று காற்றைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தென்மேற்கே தம்பலகாமப் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் மண், வாயில் மண், தூக்கிய தகரம் பட்டம்போல எழும்பியது. கயிறு கட்டி இழுத்துத்தான் ஒவ்வொன்றையும் இருத்தினார்கள். அதற்கு எதிரே துறைமுகப் பக்கத்து முனையில் தொடங்கி, கச்சானை நோக்கிப் போட்டு முடித்தாள். கடைசி ஸ்குரூவையும் இறுக்கிவிட்டு அவள் இறங்கியபோது பஸ்மியா கைதட்டினாள். தர்சிகாவின் உள்ளங்கை கொப்பளம் போட்டு உடைந்திருந்தது. அந்தக் கையாலேயே அன்று கோழிக்கறி வைத்தாள்.

ஐப்பசியில் காற்றுத் திரும்பியது. ஒரு விடியற்காலையில் முதல் மழை இரைந்துகொண்டு வந்தது. தர்சிகா எழுந்து உட்கார்ந்து தகரத்தில் விழும் சத்தத்தைத் திருப்தியோடு கேட்டாள். கால் நிலத்தில் பட்டபோது நிலம் ஈரமாக இருந்தது.

விளக்கைப் போட்டாள். ஓர் இடத்தில் அல்ல, பல இடங்களில் சொட்டியது. சட்டி, வாளி, பேசின் எல்லாம் வைத்தாள். வைத்து முடித்தபிறகுதான் கவனித்தாள்: சொட்டுகள் கண்டபடி விழவில்லை. கோடு போட்டதுபோல விழுந்தன. ஒரு வரிசை, பிறகு காய்ந்த நிலம், பிறகு இன்னொரு வரிசை.

பஸ்மியா ஞாயிறு வந்தாள். தர்சிகா ஏணியில் நின்று தண்ணீர்க் குழாயைக் கூரைமேல் பிடித்தாள். தம்பலகாமப் பக்கமிருந்து பீய்ச்சியபோது பஸ்மியா உள்ளேயிருந்து கத்தினாள்: "ஒண்டுமில்ல!" ஏணியை மற்றப் பக்கத்துக்கு மாற்றித் துறைமுகப் பக்கமிருந்து பீய்ச்சினாள்.

"அல்லாவே! என்ட தலையில ஊத்துது!"

தர்சிகா குழாயை மூடினாள். ஏணியில் நின்றபடியே துறைமுகப் பக்கம் திரும்பினாள். கச்சான் மழை கொண்டுவருவதில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து இந்த ஊரில் மாரி மழை வாடைக்காற்றோடுதான் வந்தது. அது துறைமுகப் பக்கமிருந்து வரும். அவள் கூரை போட்டது வெயில் காலத்துக் காற்றுக்கு. விளிம்புகள் எல்லாம் வாடையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"நீ வீடியோவக் குத்தம் சொல்லாத. கண்ணுக்குள்ள மண்ண அடிச்ச காத்துக்குப் பயந்து போட்டுட்டாய்" என்றாள் பஸ்மியா, தலையைத் துவட்டியபடி. "நானும்தான் பக்கத்துல நிண்ட. எனக்கும் மூள வேல செய்யல்ல. சரி, விளிம்பு முழுக்கப் பசை பூசுவம். றிகாஸ்ட கடையில கெடக்கு."

"பசை எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு மாரிக்கு."

"அடுத்த மாரிக்கு?"

"அடுத்த மாரிக்குத் திரும்பவும் பூசு."

"அப்ப ஒவ்வொரு மழைக்கும் நான் அண்ணாந்து பாத்துக்கொண்டு இருக்கோணும். ஏலாது பஸ்மியா. கழட்டி மற்றப் பக்கத்தில இருந்து போடுவம்."

அன்று பின்னேரம் சுகிர்தன் தொலைபேசியில் கேட்டான்.

"அங்க மழையாமே. ஒழுகினதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் வந்து பார்க்கும்முன் வேலையையும் முடித்திருக்கலாம்.

"ஒழுகினது" என்றாள்.

"அப்ப சனிக்கிழமை வாறன். சாமான்களைக் கட்டி வை."

அவள் ஒன்றையும் கட்டவில்லை. சனிக்கிழமை சுகிர்தன் கூட்டாளி ஒருவனின் சின்ன லொறியை ஓட்டிக்கொண்டு வந்து ஒழுங்கையில் நிறுத்தியபோது வீட்டின் பின்பக்கத்துக்குக் கூரையே இருக்கவில்லை. தகரங்கள் மதிலோரம் அடுக்கிக் கிடந்தன. தங்கை ரீப்பையில் காலைப் பரப்பிக்கொண்டு, இடுப்பில் ஸ்குரூப் பையும் கையில் ட்ரில்லுமாக இருந்தாள். தம்பலகாமப் பக்கத்து முனையில் ஒரு தகரம் மட்டும் ஏறியிருந்தது. துறைமுகப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"தர்சி! உனக்கென்ன விசரே? இறங்கு!"

"இறங்கினா ஆர் போடுறது?"

"ஒழுகினா வாறன் எண்டு சொன்னனியோ இல்லையோ?"

"சொன்னனான். மாரிக்கு ஒழுகினா எண்டு. மாரி இப்பதான் துவங்குது அண்ணா. முடியேக்குள்ள ஒழுகினா என்னை ஏத்திக்கொண்டு போங்கோ, நானே வந்து ஏறுவன்."

"இது கோட்டில லோயர்மார் கதைக்கிற கதை."

"கோட்டுக் கதையெண்டாலும் என்ட கதை சரிதானே."

சுகிர்தன் பஸ்மியாவைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்கோ."

"சுகிர்தன் நானா, நான் காலயில இருந்து சொல்லித்தான் பாக்கிறன்" என்றாள் பஸ்மியா. "தகரத்தப் புடிச்சுக்கொண்டே சொல்லுறன்."

காற்று ஒருமுறை வீசியது. பஸ்மியாவின் கையிலிருந்த தகரம் துள்ளியது. அவள் இரண்டடி பின்னுக்கு இழுபட்டாள். சுகிர்தன் யோசிக்கவில்லை, பாய்ந்து மற்ற முனையைப் பிடித்தான். பிடித்தபிறகு விடவும் முடியவில்லை. ஏணியில் நின்று இருவரும் தகரத்தை உயர்த்தப் பார்த்தார்கள். எட்டவில்லை, காற்று திருப்பித் திருப்பித் தள்ளியது.

தர்சிகா மேலேயிருந்து லொறியைப் பார்த்தாள்.

"அண்ணா, லொறியைப் பின்னுக்கு எடுங்கோ. சுவரோட ஒட்டி. பெட்டியில ஏறி நிண்டு தாங்கோ."

"நான் அதை உன்ட சாமான் ஏத்தக் கொண்டு வந்தனான்."

"தகரத்தை ஏத்துங்கோ. எல்லாம் என்ட சாமான்தான்."

சுகிர்தன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். சேட்டைக் கழற்றி இருக்கையில் எறிந்துவிட்டு லொறியைப் பின்னோக்கி எடுத்தான். அதன்பிறகு பேச்சுக் குறைந்தது. அவன் லொறிப் பெட்டியில் நின்று தகரத்தை உயர்த்தினான், பஸ்மியா கயிற்றை இழுத்தாள், தர்சிகா இருத்தி ஸ்குரூ அடித்தாள். "விளிம்பு மேல வரோணும், மேல! முதல் போட்டதுக்கு மேல!" என்று அவள் கத்தினாள். ஒருமுறை அவன் மாற்றிக் கொடுத்தபோது, "வங்கியில காசையும் இப்பிடித்தான் திருப்பிக் குடுப்பீங்களோ?" என்று கேட்டாள். சுகிர்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தகரத்தைத் திருப்பினான். வாடை முகத்தில் அடிக்க அடிக்க, அவர்கள் அதை நோக்கியே போட்டுக்கொண்டு போனார்கள்.

கடைசித் தகரம் ஏறும்போது மழை வந்துவிட்டது. தர்சிகா இறங்கவில்லை. நனைந்த கண்ணை முழங்கையால் துடைத்துத் துடைத்து ஸ்குரூக்களை இறுக்கினாள். ட்ரில்லுக்குத் தண்ணீர் படாமல் இருக்கச் சுகிர்தன் இருக்கையில் கிடந்த தன் சேட்டை எடுத்து அதன்மேல் பிடித்துக்கொண்டு லொறிப் பெட்டியின் ஓரத்தில் எக்கி நின்றான்.

பிறகு மூவரும் உள்ளே வந்தார்கள். பஸ்மியா குசினியில் அடுப்பை மூட்டினாள். வாடையோடு மழை சரிந்து தகரத்தில் அறைந்தது, பேசுவது கேட்கவில்லை. சுகிர்தன் அண்ணாந்தபடி அறைக்கும் குசினிக்கும் நடந்தான். ஒவ்வொரு விளிம்பின் கீழும் நின்றான். நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தான். குசினி மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் விரலை நீட்டினான்.

"இந்தா, இஞ்ச."

தர்சிகா கிட்டப்போய்ப் பார்த்தாள். விளிம்பில் அல்ல, நடுத் தகரத்தில். "முந்தி அடிச்ச ஸ்குரூவின்ட ஓட்டை. தகரம் இடம் மாறினதால திறந்து கிடக்கு. ரப்பர் வொஷர் வைச்சு இன்னொரு ஸ்குரூ அடிச்சா சரி. மழை விட்டதும் ஏறுவன்."

அவன் அந்தச் சொட்டைப் பார்த்தான். பிறகு காய்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்தான். அது குசினியிலிருந்து படுக்கையறை வரைக்கும் நீண்டு கிடந்தது. மழை சற்றுக் குறைந்தபோது அவனுடைய தொலைபேசி அடித்தது. சிவாஜினி.

"ஓம்... இல்லை, பாய் எடுத்துப் போட வேண்டாம்" என்றான் சுகிர்தன். "லொறி வெறுமையாத்தான் வருது. நான் வரக் கொஞ்சம் சுணங்கும். இஞ்ச ஒரு ஓட்டை அடைக்கக் கிடக்கு."