ஓடிஸ் வைத்த ஈயப்பற்று

டமார்!

உட்வர்ட் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான கார்களின் உறுமலையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிற ரோட் ரன்னர் கார் ஒன்று குலுங்கி நின்றது. முன்மூடியின் இரு பக்கமும் நீராவி பீறிட்டது. ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடியது.

நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆகஸ்ட் மாதப் பழைய கார் ஊர்வலத்தில், பாதி வழியில் கொதித்து நிற்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள் வெர்னெட்டா. என்ஜின் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவள். அறுபத்தொன்பதாம் வருஷத்து அந்தக் காரின் ஸ்டீயரிங்கை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை.

"எங்கே அந்த ஓடிஸ்?"

சாலையோர டயர் கடையின் கார் நிறுத்தத்தில்தான் அவளும் ஓடிஸும் சேர்ந்திருந்த கார் சங்கம் கூடாரம் போட்டிருந்தது. ஓடிஸ் கையிலிருந்த மீன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

"இங்கேதான் இருக்கேன். மெதுவாப் பேசு, ஊருக்கே கேட்குது."

"கேட்கட்டும்னுதான் கத்துறேன்! ஏப்ரல்ல நீ பண்ணிக் கொடுத்த ரேடியேட்டர். நாலு மாசம் தாங்கலை. ஈயம் வெச்சு ஒட்டினியா, எச்சில் தொட்டு ஒட்டினியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓடிஸின் காது மடல்கள் சுட்டன. பழைய பித்தளை ரேடியேட்டரைப் பிரித்து, உள்குழாய்களை மாற்றி, பழைய தொட்டிகளையே திரும்பப் பற்றவைத்துக் கொடுப்பார் அவர். தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியம் வாங்கச் சொல்லும் கடைகளுக்கு நடுவே, ஓடிஸ் கை வைத்தால் ஒழுகாது என்ற பேர் ஒன்றுதான் அவர் கடையைத் திறந்து வைத்திருந்தது.

சங்கத் தலைவர் ஹெர்ஷல் வந்து ஓடிஸின் தோளில் கை போட்டார்.

"விடு, ஓடிஸ். கொரீன் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். உன் மனசு உன்கிட்ட இல்லை. யாருக்கும் கை தவறும். கொஞ்ச நாள் நம்ம வண்டியெல்லாம் வேற இடத்துல காட்டிக்கிறோம். நீயும் ஓய்வு எடுத்த மாதிரி இருக்கும்."

வெர்னெட்டாவின் வசவைவிட இந்த இரக்கம்தான் அவரைக் கொளுத்தியது.

"கையை எடுய்யா! கை தவறினதை நீ பார்த்தியா?"

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்லாதே. ரேடியேட்டரை இங்கேயே இறக்குறேன். எல்லார் கண்ணு முன்னாடியும் தொட்டியைத் திறக்குறேன். என் ஈயப்பற்று விட்டிருந்தா, நாளைக்கே கடைக்குப் பூட்டு. சரியா?"

"திற, திற! நானும் பார்க்கிறேன்" என்றாள் வெர்னெட்டா. ஆனால் குரல் முன்னைப்போல ஏறவில்லை.

நான்கு பேர் சேர்ந்து காரைத் தள்ளி வந்தார்கள். சூடு தணிய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் ஓடிஸ் தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றார். உண்மையில் அவருக்கே நிச்சயமில்லை. ஏப்ரலில் பகலெல்லாம் கடை, மாலையானால் ஆஸ்பத்திரியில் மனைவி கொரீனின் கட்டிலோரம். அந்த ரேடியேட்டரின் கடைசி வரிசைக் குழாய்களைப் பற்றவைத்தது அவர் நினைவிலேயே இல்லை.

வெர்னெட்டா எதிரே முதுகைக் காட்டி நின்றாள். அவளும் கொரீனும் இருபது வருஷம் தேவாலயப் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். மே மாதக் கடைசியில் கொரீனை அடக்கம் செய்த அன்று மொத்தக் குழுவும் வந்திருந்தது, இவள் ஒருத்தியைத் தவிர. அந்தக் கோபமும் ஓடிஸின் நெஞ்சில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

வெடித்த ரப்பர் குழாயைக் கழற்றினார். நான்கு போல்ட்டுகள். ரேடியேட்டரைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். அதன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அவர் அப்படிப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்க வேண்டும். தன் பிக்கப்பிலிருந்து எடுத்த தீக்குழாயைப் பற்றவைத்து மேல் தொட்டியின் விளிம்பைச் சுற்றி ஓட்டினார். ஈயம் பளபளத்து உருகியது. இடுக்கியால் தொட்டியைப் பிடித்து நெம்பினார்.

முதலில் வந்தது வாசனை. பிறகுதான் கண்ணில் பட்டது: குழாய்களின் வாயையெல்லாம் அடைத்துக் கிடந்த கறுப்புக் குழம்பு.

ஹெர்ஷல் குனிந்து முகர்ந்து, ஒரு தும்மல் போட்டார். "மிளகுத்தூள்!"

"ரெண்டு முட்டை இருந்தா ஆம்லெட்டே போட்டிருக்கலாம்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஓடிஸ் சிரிக்கவில்லை. துணியால் குழம்பை வழித்துவிட்டு, ஒவ்வொரு குழாயின் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். கடைசி வரிசை வரை ஈயம் ஒரு முடி அளவுகூட விடவில்லை. நடுவே முன்பக்கத்தில் ஒரு குழாயில் மட்டும் ஊசித்துளை. அதைச் சுற்றித் தகடுகள் நசுங்கியிருந்தன.

"கல்லு தெறிச்சு விழுந்த ஓட்டை. இதை அடைக்க ஒரு சிட்டிகை மிளகு போட்டா ஊறி அடைச்சுக்கும். அரை டப்பாவைக் கொட்டினா ரேடியேட்டரையே அடைச்சுக்கும், தண்ணி கொதிச்சு ரப்பர் குழாய் வெடிக்கும்." ஹெர்ஷல் பக்கம் திரும்பினார். "எங்கேய்யா தவறுச்சு என் கை? காட்டு!"

ஹெர்ஷல் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கோ, ஓடிஸ்."

ஓடிஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு வெர்னெட்டாவின் முன்னால் போய் நின்றார்.

"எப்போ கொட்டினே?"

"ஜூன்ல."

"ஜூன்ல! தெரிஞ்சுகிட்டேதான் நடுரோட்டுல என் பேரை நாறடிச்சே!"

"வண்டி நின்னதும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க. வாய் முந்திக்கிச்சு."

"வாய் முந்திக்கிச்சாம்! இந்த ஓட்டைக்குப் பத்து நிமிஷ வேலை, வெர்னெட்டா. உன் வீட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி என் கடை. கொண்டு வந்து போட்டிருந்தா என்ன கேடு உனக்கு?"

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு தடவை உன் கடை வாசல் வரைக்கும் வந்தேன், ஓடிஸ். கொரீன் அடக்கத்துக்கே வராதவ, எந்த முகத்தோட உள்ளே வருவேன்?"