பொம்மைகளுக்கு நிழல்வலை

விஸ்வநத்தம் பக்கத்தில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் ஜெயச்சந்திரன், ஆபீசுக்கு வருகிறவர்களை முதலில் கண்ணாடி அலமாரிக்குத்தான் அழைத்துப்போவார். உள்ளே ஜப்பான் பொம்மைகள்: வாள் பிடித்தவன், சிறகு முளைத்தவன், ரோஸ் நிறக் கூந்தல்காரி ஒருத்தி. சரக்கு வாங்க வந்தவரோ, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரோ, வெளிச்சம் சாயத்தை எப்படித் தின்னும் என்று பாடம் கேட்டபிறகே காப்பி.

இந்தச் சித்திரையில் ரோஸ் கூந்தல் வெளுக்க ஆரம்பித்தது. முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. வெடிமருந்தை உருட்டிச் செய்த மணிகளைக் காயவைக்கும் மேடைக்கு மேலே கட்டியிருந்த பச்சை நிழல்வலை, ஒரே உத்தரவில் ஆபீஸ் சன்னலுக்கு வந்துவிட்டது.

போர்மேன் முத்துப்பாண்டி தயங்கினார். "மொதலாளி, மேடையில சரக்கு பரத்திக் கெடக்கு. வெயிலு நேரா விழுகுதே."

"காயத்தானப்பா போட்டிருக்கோம்? சீசன் ஆர்டரு நிக்கிது."

"அப்ப பொம்மைக்கு மட்டும்..."

"அது பாரின் சரக்கு!"

மேடையிலுள்ள மணிகளைப் புரட்டிவிடுவது பாண்டிமீனாவின் வேலை. உச்சிப்பொழுதில் போனவள் பாதியிலேயே நின்றாள். தட்டுகளின் மேல் காற்று நெளிந்தது. ஏதோ வாடை. சத்தமில்லாமல் திரும்பி, கேட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அதைப் பார்த்த மற்ற பெண்களும் அறை அறையாகக் காலி செய்து வந்தார்கள். வெறுங்கால்கள் மண்ணில் உரசும் ஒலி மட்டும்.

முதலாளி வெளியே வந்தார். "என்ன, பந்திக்கா காத்திருக்கீக?"

"மேடை சரியில்ல மொதலாளி. வாடை அடிக்கிது," என்றாள் பாண்டிமீனா.

மேடைப்பக்கம் பார்த்தவருக்கு முகம் வற்றியது. பட்டாசுக்காரர் மகன், அந்த வாடைக்கு அர்த்தம் தெரியாதவரில்லை. உள்ளே ஓடி, வலையைத் தன் கையாலேயே பிய்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தா தாயி, ஒரு எட்டு போயி விரிச்சிட்டு ஓடியாந்துரு."

அவள் கை நீட்டவில்லை. "எனக்கு ரெண்டு பிள்ளைக, மொதலாளி."

முத்துப்பாண்டியிடம் நீட்டினார். அவருக்கு அப்போதுதான் வேட்டியை அவிழ்த்துக் கட்டவேண்டியிருந்தது. "நீங்களே போங்க மொதலாளி. வெளிச்சத்தப் பத்தி ஒங்களுக்குத்தான் அம்புட்டு வெவரமும் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. ஓரத்துத் தட்டிலிருந்து வெள்ளை நூலாக ஒரு புகை நிமிர்ந்து எழுந்தது.

"படுங்கடீ!" என்று பாண்டிமீனா கத்தினாள்.

எல்லோருக்கும் முந்திப் படுத்தவர் முதலாளிதான். வலையைத் தலையோடு போர்த்தியிருந்தார்.